பனி கொட்டும் படங்கள்

ஊருக்குப் போன வீட்டுக்காரர்கள் டிவியை அணைக்க மறந்துவிட்டார்கள். அந்தக் கூடத்துச் சுவரில் குடியிருந்த பல்லிக்குச் சினிமா என்றாலே ஆகாது. ஆனால் படத்தில் பனி கொட்டினால் திரை வெள்ளை வெளேரென்று ஆகும், அந்த வெளிச்சத்துக்குக் கொசு வரும். கொசுவைப் பிடிக்கப் பல்லி ஓடிவரும்.

டிவி வேறு கணக்குப் போட்டது.

“அண்ணே, உங்க ரசனையைக் கண்டுபிடிச்சிட்டேன்! உங்களுக்குன்னே தனியா ஒரு வரிசை வச்சிருக்கேன். ‘பனியில் நின்று மாமியாரை மன்னிக்கும் மருமகள்கள்.’ பார்த்துத் தீராது!”

உண்மையைச் சொன்னால் பனி நின்றுவிடும், சாப்பாட்டில் மண் விழும். “ஆகா, நமக்குப் பிடிச்சதே அதுதான், போடு தம்பி!” என்றது பல்லி.

தினமும் ஒரு மருமகள் பனியில் நின்றாள். பல்லிக்குத் தொப்பை விழுந்தது.

ஒருநாள் மருமகள் விசும்பிக்கொண்டே மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கொழுத்த கொசு ஒன்று, பல்லியின் மூக்குக்கு நேரே திரையில் வந்து உட்கார்ந்தது. பல்லியைப் பார்த்ததும் ‘செத்தோம்’ என்று கண்ணை மூடிக்கொண்டது.

“ஏய், தள்ளி உட்காரு, மறைக்குது!” என்று சீறியது பல்லி. “கிழவி கதவைத் திறக்கிறாளான்னு பார்க்கணும்.”