உடம்புக்காரன் சம்மதம்

அமுதன் தோசையைப் புரட்டிக்கொண்டே தான் எழுதிய நிரலைப் பற்றிப் பெருமையடித்தான். "என் நெஞ்சுல இருக்கற பேஸ்மேக்கரோட செட்டிங்கை வீட்ல யார் வேணா போன்ல படிக்கலாம், கோதை. மாத்தணும்னா உடம்புக்காரன் சம்மதம் வேணும்."

"ஆமா, பெரிய சட்டமேதை! தோசை கருகுது பாரு."

கரண்டியோடு அவனும் சரிந்தான். மனைவி பூங்கோதை பதறிப்போய்ப் போனைத் திறந்தாள். காலையில் சோதனைக்காக அவனே தன் துடிப்பை முப்பதுக்குக் குறைத்திருந்தான். திரும்ப ஏற்ற மறந்துவிட்டான். அவள் எழுபது என்று தட்டினாள்.

'அமுதன் சம்மதிக்கிறாரா?' என்று கேட்டது திரை.

"சரின்னு சொல்லுடா! ஒரு வார்த்தைடா!" என்று அவனை உலுக்கினாள். திரை மரியாதையாகத் திரும்பவும் கேட்டது.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அவள் போனில் துடிப்பு செட்டிங் இன்னும் முப்பது என்றே இருக்கிறது.