வெட்டக் கொடுத்த மூடி

"உன்ட ஆட்டம் மழையில நனைஞ்ச சீனி மாதிரி ஆகிட்டு வீரய்யா," என்று சாஹுல் ஹமீது சிரித்தார்.

"வயசாவுதுல்ல நாநா," என்று தலையைச் சொறிந்த வீரய்யா, ஹமீது வீட்டு விறாந்தையில் கிடந்த டாம் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில், காய்களுக்குப் பதிலான சோடா மூடிகளை மறுபடி அடுக்கினார்.

அக்குறணைக் கடைத்தெருவில் இருவருக்கும் எதிரெதிர்க் கடை. ஹமீதுக்குப் பாத்திரம், வீரய்யாவுக்குச் செருப்பு. முன்பெல்லாம் ஹமீது இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது அபூர்வம். இப்போது தினமும் ஜெயிக்கிறார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, அவர் ஒரே ஒரு நாள்தான் கடைக்குப் போனார். அன்று ஒரு பெண் பிரஷர் குக்கருக்குப் பாதி விலை கேட்டாள். பேரம் பேசத் தயாராக நின்றவளுக்கு, ஹமீது மறுபேச்சில்லாமல் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அவளே பயந்துபோய் எதிர்க்கடை வீரய்யாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அன்று மாலையே மகள் ஸஹ்ரா கடைச் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

தேநீர் கொண்டுவந்தவளிடம் ஹமீது இன்றைக்கும் கை நீட்டினார். "சாவியத் தா மகள். டாம்ல ஜெயிக்கிறவனுக்குக் கடையில ஈக்க ஏலாதா?"

"இன்னம் கொஞ்ச நாள் போகட்டும் வாப்பா."

வீரய்யா அவளைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள். வீரய்யா ஒரு மூடியை நகர்த்தி, ஹமீதின் மூடிக்கு முன்னால் அம்போவென்று விட்டார்.

வெட்டப் போன ஹமீதின் கை பாதியில் நின்றது.

"இத ஏன் இங்க வெச்ச?"

"கவனிக்கல நாநா. வெட்டுங்க."

"கவனிக்கலியா? செருப்புக்கு ஒரு ரூவா கொறைக்கச் சொன்னா ஒரு மணித்தியாலம் அழுறவன் நீ. எனக்கு ஒரு மூடியச் சும்மா தருவியா?" ஹமீது பலகையைத் தள்ளினார். மூடிகள் சிதறி ஓடின. "வேணுமெண்டே தோக்கிற. சீக்காளிண்டு பாவம் பாக்கிற. எழும்பு. இனி இந்த ஊட்டுப் பக்கம் வராத."

வீரய்யா எழுந்து வாசலுக்குப் போனார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஸஹ்ரா உள்ளே ஓடினாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் சாவிக்கொத்தை வெறும் பலகையின் மேல் வைத்தாள்.

"நாளைக்குக் கடையத் தொறங்க வாப்பா."

ஹமீது விழித்தார். "என்ன இது? ஜெயிச்ச நாளெல்லாம் தராம, கோவிச்ச நாள்ல தார?"

வாசலில் நின்ற வீரய்யா திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"எல்லாம் உங்க மக ஏற்பாடு நாநா. ஒரு மாசமா தினமும் அதே மூடிய அதே எடத்துல சும்மா கொண்டாந்து வச்சேன், நீங்களும் வாயத் தொறக்காம வெட்டிக்கிட்டே இருந்தீங்க. இன்னைக்குத்தான் ஏன்னு கேட்டீங்க."