கர்னல் பொய் சொல்லாது

"யாருடி அவன்?"

ராஜகோபாலன் வீசியெறிந்த பிரின்ட் அவுட் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து ஹால் முழுக்க ஓடியது. மொத்தம் பதினோரு பக்கம். சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் லக்ஷணாவின் காலடியில் வந்து நின்றது.

"எவன்ப்பா?"

"நடிக்காதே! நாலு தலைமுறையா சின்ன காஞ்சிபுரத்துல மானத்தோட இருக்கற குடும்பம் இது. உன் அண்ணன் கூரம் கிராமத்துப் பொண்ணை இழுத்துண்டு ஊரை விட்டே போனான். அவனைத் தலைமுழுகி மூணு வருஷம் ஆறது. இப்ப நீயா?"

ராஜகோபாலன் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துகிறவர். மத்தியானத்தில் வீட்டுக்கு ஃபோன் போட்டால் இரண்டு வாரமாக எங்கேஜ்டு. மோடத்தைப் போட்டு இன்டர்நெட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்கோ பரீட்சை லீவு. வேறு அப்பாவாக இருந்தால் கூப்பிட்டு என்னவென்று கேட்டிருப்பார். இவர் வாத்தியார், வாயால் கேட்பதாவது!

வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரின் கர்னலுக்குள்ளேயே, மற்ற எல்லாப் புரோகிராமையும் ஆட்டி வைக்கிற அடிப்படைப் புரோகிராமுக்குள்ளேயே, கையை விட்டார். எந்தப் புரோகிராம் வெளியே யாரோடு பேசினாலும் கர்னலில் இருக்கும் சாக்கெட் ஃபங்ஷன்கள் வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு வாசல் கிடையாது. அந்த வாசலில் நாலு வரி எழுதிச் செருகி, வாட்ச்மேன் மாதிரி உட்கார வைத்தார். என்ன போனது, எத்தனை மணிக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ரகசியமாக ஒரு வரி விழும். பெற்ற பெண்ணை இப்படி வேவு பார்க்கிறோமே என்று மனிதருக்கு ஒரு துளி கூச்சம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருவர் அந்த நேரத்தில் வகுப்பில் இருந்தார். அப்புறம் யாரென்று தனியாக வேறு கண்டுபிடிக்க வேண்டுமா?

மூன்றே நாளில் மாட்டியது. அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தாக அனுப்புகிற சாட் புரோகிராம். அதனால் வரிக்கு ஒரு எழுத்து, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஏழு செகண்ட், எட்டு செகண்ட். 'எப்படி யோசித்து யோசித்து எழுதியிருக்கிறாள், கள்ளி!' என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படிக்கட்டுமா?" குனிந்து காகிதத்தை அள்ளினார். "'டிக்கெட் வாங்கியாச்சா? இங்கே யாருக்கும் தெரியாது.' நன்னா கேட்டுக்கோ. 'பரீட்சை முடிஞ்ச மறுநாள் கிளம்பறேன். ஒரே ஒரு பெட்டிதான்.' வெக்கமா இல்லை உனக்கு?"

லக்ஷணாவின் முகம் வெளுத்துவிட்டது. "அது நான் இல்லைப்பா."

"பின்னே? பெருமாளே இறங்கி வந்து அடிச்சாரா?"

சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி மரகதவல்லி. "ஏன்னா, நான் சொல்றதை ஒரு நிமிஷம்..."

"நீ உள்ளே போ. இதெல்லாம் உனக்குப் புரியாது. மனுஷா பொய் சொல்லுவா, கர்னல் பொய் சொல்லாது."

மரகதவல்லி உள்ளே போகவில்லை. கதவோரத்திலேயே நின்றாள்.

ராஜகோபாலன் பீரோவைத் திறந்து மகளின் ஃபைலை மேஜையில் கவிழ்த்தார். பத்தாவது மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட், எல்லாவற்றுக்கும் அடியில் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் ஹால் டிக்கெட். திங்கட்கிழமை முதல் பரீட்சை. ஹால் டிக்கெட்டை மட்டும் உருவினார்.

"பரீட்சை முடிஞ்சாத்தானே கிளம்புவே? பரீட்சையே கிடையாது, போ!"

"அப்பா, வேண்டாம்ப்பா! மூணு வருஷப் படிப்புப்பா!" லக்ஷணா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "சத்தியமா நான் இல்லை."

"அப்ப யாருன்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். அப்புறம் இறுக மூடிக்கொண்டாள். அந்த அழுத்தம் அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"ஏன்னா, அவளை விடுங்கோ. நான்..."

"உன்னை உள்ளே போகச் சொன்னேன்!"

மகளின் கையை உதறிவிட்டு ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்தார். மேல் ஓரம் அரை அங்குலம் கிழிந்தேவிட்டது.

மரகதவல்லி வந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ஹால் டிக்கெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி மகளிடம் கொடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

"என்னடி! பொண்ணு ஓடிப்போறதுக்கு நீயும் உடந்தையா?"

"நம்ம புள்ளை அபிநவ் ஆத்துக்காரிக்கு, அந்தத் துளசிக்கு, இது ஒம்பதாம் மாசம்," என்றாள் மரகதவல்லி. "தாயில்லாத பொண்ணு. பார்த்துக்க ஆள் இல்லை."

"அந்தப் பேரை இந்த ஆத்துல யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொன்னேள். மூணு வருஷமா வாயால சொல்லலை. ஒத்தை விரலால அடிக்கக் கத்துண்டேன்."

அவள் குரல் உயரவே இல்லை. ராஜகோபாலன் அடிக்கக் கையை ஓங்கிவிட்டார்; அதை எங்கே இறக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஓடிப்போறது அவ இல்லை. நான்."