அலையை நிறுத்தியது யார்?

கிள்ளான் வீட்டு வரவேற்பறையில் பவளங்கள் வளரும் மீன்தொட்டியின் நீல வெளிச்சம் லியனார்டின் வழுக்கையில் அலையடிக்கிறது. “கடலே என் ஹேண்ட்போனுக்குள்ளதான் இருக்கு,” என்று பக்கத்து வீட்டு தனேஷிடம் அவர் சொல்லி முடிப்பதற்குள் தொட்டியின் அலை பம்புகள் இரண்டும் அடங்குகின்றன. பவளங்கள் அசையாமல் நிற்கின்றன.

“கடலுக்கும் டீ பிரேக்கா, அங்கிள்?”

‘தீனி நேரம், பத்து நிமிடம்’ என்கிறது பம்புகளை இயக்கும் அவருடைய போன் செயலி; தீனி அடித்துப் போகாமலிருக்க யாராவது போனில் அமுக்கினால்தான் அலை இப்படி நிற்கும். இந்த வாரத்தில் இது நான்காவது முறை. தீனி போடும் அதிகாரம் தனக்கு மட்டுமே என்று தொட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

“இதை மாட்டிக் கொடுத்த மீன்தொட்டிக் கடைக்காரன்தான் அங்கேருந்து அமுக்குறான்.”

“இருக்கும் லா,” என்கிறாள் மனைவி லூசி, சமையலறை வாசலில், தன் போனை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி. மீன்கள் அத்தனையும் லியனார்டுக்கு வாலைக் காட்டிக்கொண்டு, அவள் பக்கத்துக் கண்ணாடியில் வந்து வாயைத் திறந்து காத்திருக்கின்றன.