பேரைச் சொல்லிக் கூப்பிடு

முதல் அறையை வைத்தவன் வெள்ளைத்துரைதான். வெங்காய மூட்டை சுமந்து காய்த்த கை. வாங்கியவன் சிம்மக்கல் பஸ் நிறுத்தத்துக் கம்பியில் மோதிச் சரிந்தான்.

கண்ணால் பார்த்த பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது? சற்றுமுன் டவுன் பஸ் ஒன்று ஏர்ஹாரனை அலறவிட்டது. மூன்று மூன்றரை வயசுப் பெண்பிள்ளை, கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல வீறிட்டு விழுந்து தார் ரோட்டில் தலையை முட்டியது. அறை வாங்கியவன் அதை வாரிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து ஓடினான். அது அவன் கையைக் கடித்துத் தொங்கியது. அதன் வாயிலிருந்து அப்பா என்று ஒரு சொல் வரவில்லை.

காலையிலிருந்து எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவன் வீடியோதான்.

பெயர் சிவக்குமார், பிள்ளை தன்னுடையது என்று அவன் கும்பிட்டான். பின்னே திருடிய பிள்ளை என்றா சொல்வான் என்று கொய்யாப்பழக்காரி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

“பேரைச் சொல்லிக் கூப்பிடு. பெத்த பிள்ளைன்னா திரும்பும்ல” என்றான் வெள்ளைத்துரை.

மீனா என்று கூப்பிட்டான். மீனாக்குட்டி என்று கெஞ்சினான். அது ஆட்டோ சக்கரத்தின் முன்னால் குந்தி டயரை விரலால் தடவிக்கொண்டிருந்தது.

அப்புறம் செருப்பு, ஹெல்மெட், கையில் கிடைத்ததெல்லாம். ஒரு பல் தெறித்து ரோட்டில் விழுந்தது.

“கூப்பிட்டாத் திரும்பாதுண்ணே. அந்த மாதிரிப் பிள்ளை. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.”

வெள்ளைத்துரை அவன் வயிற்றில் மிதித்தான்.

ஏதாவது வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டாது, நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைக்கும் என்றான் சிவக்குமார். வெள்ளைத்துரை வாயிலேயே குத்தினான். முகத்தைப் பார்த்துச் சிரிக்காது என்று ஆரம்பித்தான். முடிக்கவிடாமல் வெள்ளைத்துரை அவன் மண்டையைக் கம்பியில் மோதினான்.

மற்றவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் விருமாண்டி வெள்ளைத்துரையை இடுப்போடு கட்டி இழுத்து, எதுக்கு மாப்ள இம்புட்டு வெறி என்று கேட்டான்.

அந்நேரம் அடுத்த பஸ் ஹாரன் அடித்தது.

பிள்ளை கீச்சென்று கத்திக்கொண்டு கால்களுக்கு ஊடே புகுந்து வந்தது. கீழே கிடந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை, ரத்தத்தையும் பார்க்கவில்லை. அத்தனை கைகளுக்கு நடுவே அவன் கையை எடுத்துத் தன் ஒரு காதில் அமுக்கியது. மற்றக் கையை எடுத்து மற்றக் காதில்.

அப்பன்தான்ப்பா, விடுங்க என்றாள் கொய்யாப்பழக்காரி. அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

வெள்ளைத்துரை போகவில்லை. குனிந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். சிவக்குமார் கண்ணை மூடிக்கொண்டான். தடுக்கக் கை இல்லை, இரண்டும் பிள்ளையின் காதில் இருந்தன.

“எத்தனை வயசுல தெரிஞ்சுச்சு?” விருமாண்டிக்குக்கூடக் கேட்காத குரல்.

சிவக்குமார் ரத்தத்தைத் துப்பினான். “ரெண்டுல.”

வெள்ளைத்துரை மகனுக்கு வருகிற ஆடியில் மூன்று முடிகிறது.