மிச்சத் தண்ணீர்

மகள் தாரிணி இறந்த பிறகு மாடிக் குளியலறை பூட்டியே கிடந்தது. நிமோனியாவில் பிழைத்து வந்த நடனசபையிடம் டாக்டர் சொல்லியிருந்தார்: ரொம்ப நாள் குழாயில் நின்ற தண்ணீரில் கிருமி வளரும், ஷவர் சாரலோடு மூச்சுக்குள் போகும், வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் ஓடவிட வேண்டும். "அந்த பாத்ரூமைத் திறக்கிறதே இல்லையே டாக்டர்," என்றிருந்தாள் அவர் மனைவி வசுமதி.

இன்று அசதியோடு படியேறித் திறந்தாள். உள்ளே கொக்கியில் நடனசபையின் துண்டு காய்ந்து விறைத்துத் தொங்கியது.

"நீங்க வெளியவே நில்லுங்க," என்றாள். சாரல் தெறிக்காமலிருக்க ஷவரின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் மூலையைக் கிழித்தாள்.

"அவ கடைசியா குளிச்சப்போ பைப்புல நின்ன தண்ணி," என்றார் நடனசபை, கதவுக்கு வெளியிலிருந்து. "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ஒருநாள், அதுல நனையணும்னு கொஞ்சம்தான் திறந்தேன். மிச்சம் உனக்கு இருக்கட்டும்னு மூடிட்டேன்."

வசுமதி குழாயைத் திருகினாள். பழுப்புத் தண்ணீர் பை வழியாக இறங்கித் தரையில் பரவி, அவள் பாதங்களை மூடியது.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிட்டிருக்கு," என்றாள், தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்திருந்த காலை எடுக்காமல்.