வாரேன் சாமி

சுகன்யா லாக் பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே நின்றுவிட்டது.

மணி நாலு முப்பத்தெட்டு. தேர்ந்தெடுத்த கல்லூரிகளின் பட்டியலை அவள் ஐந்து மணிக்குள் லாக் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் நர்சிங் சீட் கிடையாது. அடுத்த வருடம் என்ற பேச்சே கூடாது என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். கோழிப்பண்ணையில் அம்மாவோடு அவளும் முட்டை எடுக்கப் போக வேண்டியதுதான்.

போனில் முயன்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்கள். போன் திரையில் அந்தக் கடைசிப் பொத்தான் வரவேயில்லை. எருமப்பட்டியில் அன்று மாதாந்திர மின்தடை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. பிரவுசிங் சென்டர்கள் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தன.

கரண்ட் ஐந்து மணிக்கு வரும். பட்டியலும் ஐந்து மணிக்கு மூடும்.

எங்கள் வீட்டு முன்னறையில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, லாரி பேட்டரியில், என் போனிலிருந்து நெட் எடுத்து.

நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பெட்டி அது. ஒரு ஜிபி மெமரி. இப்போதுள்ள எதுவும் இதில் ஓடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் கணவர் கஸ்பார் லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் லினக்ஸ் மென்பொருள்களில் மிகச் சிறியதைத் தேடிப் பிடித்தார். வேண்டாததையெல்லாம் கழற்றிவிட்டு, ஊர்க்காரர்களுக்காக அதை ஓட வைத்தார்.

அதில் யாரும் கைவைக்கலாம் என்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அது பேசிய இங்கிலீஷை எடுத்துவிட்டு எங்கள் பேச்சை எழுதி வைத்தார். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால், 'அது இல்லீங்க, இன்னொருக்கா பாருங்க' என்று வரும்.

அவர் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வந்த முதல் மின்தடை அது.

நின்றுபோன திரையின் நடுவில் ஒரு வரி வந்தது.

வாரேன் சாமி.

"ஏனுங்க டீச்சர், வாரேங்குதுங்களே. வந்துருமுங்களா?" என்றாள் சுகன்யாவின் அம்மா மாரக்காள். பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தாள். முடியெல்லாம் தீவனத் தூசி.

"வந்துரும். பழைய பெட்டி, நெதானமாத்தான் வரும். எதையும் தொட்டுராதீங்க" என்றேன்.

பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. வேலை நடக்கிறது என்று நம்பினோம்.

நாலு நாற்பத்தைந்து. மாரக்காள் மாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரையும் கூப்புட்டீங்கன்னா, யாரு வாரதுன்னு அவியளுக்கே கொளப்பமாயிருமுங்க" என்றாள் சுகன்யா. சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள். விரலில் ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் மெல்லக் குறைந்தது.

மாரக்காள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த ஓட்டைப் பெட்டிய நம்பி வந்தமே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஐம்பது.

சுகன்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், இது வரலீங்க. கெளம்புதுங்க."

"என்ன சாமி சொல்ற?"

"எங்கப்பா போர் போடற ரிக்கு வண்டிக்குக் கெளம்பறப்ப இதத்தானுங்க சொல்லுவாரு. போறேன்னு எந்த மனுசனாச்சும் சொல்லுவானுங்களா? பேட்டரி தீருதுங்க டீச்சர்!"

மேஜைக்கு அடியில் குனிந்தேன். பேட்டரியிலிருந்து, சார்ஜ் எவ்வளவு என்று பார்க்க, மெல்லிய வயர் ஒன்று கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு பேட்டரி, துணி போர்த்தி, கிளிப் மாட்டிய கேபிள்களோடு, கஸ்பார் வைத்தபடியே இருந்தது.

பேட்டரி இறங்கினால் செய்கிற வேலையை நிறுத்திவை, அணைவதற்கு முன் சொல்லிக்கொண்டு போ என்று பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இன்னொன்றைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அணைந்துவிடும்.

பன்னிரண்டு நிமிடம் நாங்கள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

கேபிள்களை வெளியே இழுத்தேன். சுகன்யா கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டாள். சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு. ஒரு பொறி தெறித்தது. மாரக்காள் வீறிட்டாள்.

திரையிலிருந்த வரி மறைந்தது. பட்டியல் அப்படியே இருந்தது. சுகன்யா மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

நாலு ஐம்பத்தெட்டுக்கு, லாக் ஆகிவிட்டது என்று வந்தது.

மாரக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சுகன்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏனுங்க டீச்சர், உங்கூட்டுக்காரரு எழுதி வெச்சதுதானுங்களே. உங்களுக்கே தெரியலீங்களா?"

பேட்டரி மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன், சேலத்து ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது கஸ்பார் மாஸ்க்கை விலக்கி, "வாரேன்" என்றார்.

நான் கீழே இறங்கிப் போய், அவருக்கும் சேர்த்து இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.